ராஜா கட்சி ஸென்ஸி

கத்தரிக்கோல் காதோரம் வந்து நின்றுவிட்டால், ஸென்ஸி ராஜா கதைக்குள் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். பாதி முடி வெட்டிய நிலையில் யாரால் எழுந்து ஓட முடியும்? "நீங்களே சொல்லுங்க, மீன் மாதிரி நீந்துற மனுஷன். அவரு ஏரியில முழுகிச் செத்தாராம்! பச்சப் புள்ளகூட நம்பாது." நாற்காலியில் இருப்பவர் தலையாட்டவும் பயந்து, வாயாலேயே "ஆமாமா" என்பார்.

ஜெர்மனியின் தெற்கே பவேரியாவை எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட விட்டல்ஸ்பாக் குலம் அரியணையை விட்டு இறங்கி ஒரு நூற்றாண்டு போய்விட்டது. ஸென்ஸியின் சலூனில் மட்டும் இன்னும் இறங்கவில்லை. கண்ணாடிக்கு மேலே லுட்விக் ராஜா நீலக் கோட்டில் நிற்கிறார். மலைமேல் கோட்டை கோட்டையாகக் கட்டியவர். பைத்தியம் என்று மந்திரிகள் பதவியைப் பிடுங்க, வைத்தியரோடு உலாவப் போன மாலையில் ஏரியில் பிணமாகக் கிடைத்தவர். "கடன் வாங்கிக் கட்டுறாருன்னு அன்னைக்குத் திட்டுனானுங்க. இன்னைக்கு அதே கோட்டைக்கு டிக்கெட் போட்டுத்தானே பொழைக்கிறானுங்க!" என்பாள்.

வடக்கே பெர்லினிலிருந்து ஆண்ட பிரஷ்யா என்றால் அவளுக்கு அறவே ஆகாது. பிரஷ்ய ராஜாவை ஜெர்மனி முழுமைக்கும் சக்கரவர்த்தியாக்கும் கடிதத்தை லுட்விக்கின் கையாலேயே எழுதவைத்தார்களே என்று, நேற்று தன் கண்ணெதிரே நடந்ததுபோலப் பொருமுவாள். போதாத காலம், ஒரே மகள் ஃப்ரானி பெர்லின்காரனைக் கட்டிக்கொண்டாள். ஹென்னிங் தங்கமான பையன். ஸென்ஸி செய்யும் பன்றிக்கறி வறுவலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். ராஜா பேச்சு வந்தால் மட்டும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். அந்த மௌனம் அவளை வருஷக்கணக்காக அரித்தது.

ஜூன் மாதம் ராஜாவின் நினைவு நாளில் ராஜவிசுவாசிகள் சங்கம் அந்த ஏரிக்கரையில் கூடும். அவர் கிடந்த இடத்தில், ஏரிக்குள்ளேயே ஒரு சிலுவை நிற்கிறது. படகில் போய் அதில் சங்கத்தின் மலர்வளையத்தை மாட்டுவது ஸென்ஸியின் உரிமை. வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்கமாட்டாள். இந்த வருஷம் அவள் தோள் இறுகிப்போய், வலது கை மேலே எழும்பவில்லை. சங்கத் தலைவர் க்விரின் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை வேற யாராவது மாட்டட்டுமே, ஸென்ஸி."

"என் கைய வெட்டிப் போட்டுட்டு மாட்டச் சொல்லுங்க."

"சரி தாயே. துடுப்பு யாரு போடுவா? நம்ம படகுக்காரன் இடுப்பு புடிச்சுப் படுத்துட்டான்."

மற்றவர்களெல்லாம் கைத்தடிக்காரர்கள். மனைவியோடு ஓரமாக நின்றிருந்த ஹென்னிங் கோட்டைக் கழற்றினான். "நான் போடுறேன், அத்தை."

"பிரஷ்யாக்காரனா? நம்ம ராஜா படகுலயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஸென்ஸிக்கும் அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ராஜாவுக்கு மாலை போகாமல் இருப்பதா? படகில் ஏறி உட்கார்ந்தாள்.

சிலுவையருகே காற்று படகைச் சுழற்றியது. அவள் எழுந்து நின்று வளையத்தைத் தூக்கினாள். கை பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள், முடியவில்லை. கரையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு அழுகை முட்டியது. ஹென்னிங் வளையத்துக்குக் கை நீட்டவில்லை. துடுப்பைப் போட்டுவிட்டு, பூட்ஸோடு தண்ணீரில் குதித்து, அவள் விழாதபடி படகை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் அவன் இடுப்புக்குத்தான் வந்தது. குனிந்து பார்த்தான், சிலுவையைப் பார்த்தான்.

"இதுலயா அத்தை? இதுல எப்படி ஒரு ஆளு முழுகுவாரு?"

ஸென்ஸி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தொப்பியோடயா நிக்கிறது ராஜா முன்னால?" என்று அதட்டி, இடது கையால் அவன் தொப்பியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வளையத்தை அவன் கையில் கொடுத்தாள்.