வரைபடம் கீறிய தங்கச்சி

கோட்-டெ-நெய்ஜ் என்ற பிரெஞ்சு பேசும் பகுதியில், எங்கள் கட்டிடத்து லிஃப்டில்தான் அந்த யோசனை வந்தது. பக்கத்து வீட்டு ஜெர்மன் மொழி டீச்சர், பள்ளிக்கூட விடுமுறைகளில் ஊரூராகச் சுற்றிப் பயண வழிகாட்டிகள் எழுதியவராம். அவருடைய வாழ்க்கையை எங்கள் கோயில் சஞ்சிகையில் எழுதவேண்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

நான் அவசரக்காரன். தன்னந்தனியாகச் சுற்றிய பெண் என்றால் கதை எடுப்பாக இருக்குமென்று, எல்லாப் பயணத்திலும் கூடவே போய்ப் பென்சிலால் வரைபடங்கள் கீறிய அவருடைய தங்கச்சியை விட்டுவிட்டு எழுதினேன்.

சஞ்சிகை வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"எங்களுக்குத் தமிழ் தெரியாதே. நீயே பிரெஞ்சில் வாசி," என்றார் டீச்சர்.

வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். தங்கச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் எந்த இடத்தில வாறன்?" என்று கேட்டார்.

தாளில் இல்லாத வரிகளை அங்கேயே இட்டுக்கட்டிச் சொன்னேன்.

"கேட்டியா அக்கா? நான் இல்லாட்டி நீ ரயில் நிலையத்திலேயே தொலைஞ்சிருப்பாய் என்று எழுதியிருக்கிறான்!" அவர் சிரித்தபடி சஞ்சிகையை வாங்கித் தன் வரைபடங்களோடு பத்திரப்படுத்தினார். அவர் வெட்டித் தந்த கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

சஞ்சிகைக்காரரிடம் கேட்டேன், அடுத்த இதழில் இடம் தருவாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய தங்கச்சியிடம் போகிறேன். முதலில் உண்மையைச் சொல்லவேண்டும். அதைக் கேட்ட பேந்தும் என்னோடு கதைத்தால், அவருடைய கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதுவேன்.