ஆடி வெள்ளியில் கொடுக்காத ரத்தம்

எழுபதுகளில் என் அண்ணன் தி. நகரில் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புடவையை ஒரே வீச்சில் பிரித்துக் காட்டுவான். சொரியாசிஸ் வந்து முழங்கையிலும் உள்ளங்கையிலும் தோல் தடித்து உரிய ஆரம்பித்ததும் அந்த வீச்சு போயிற்று. மயில்கழுத்து நிறப் பட்டின் மேல் உதிர்ந்த செதிலைப் பார்த்து ஒரு அம்மாள் எழுந்தே போய்விட்டாள். முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒரு வார்த்தை திட்டாமல் அண்ணனை மாடியில் பண்டல் கட்டும் இடத்துக்கு மாற்றினார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்து, வெள்ளை அணு குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் சனிக்கிழமை மாத்திரை.

"தோலுக்குக் குடுக்கிற மருந்துதான். ஆனா ரத்தத்தையும் தின்னும். பாக்காம போடாதீங்க" என்று என் முன்னால்தான் சொன்னார்.

மருந்து கேட்டது. ஆனி முடிவதற்குள் உள்ளங்கை தெளிந்துவிட்டது. "தொட்டுப் பாரு, சொரசொரப்பே இல்ல" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். ஆடித் தள்ளுபடிக்கு முதலாளி அவனை மறுபடியும் மெத்தைக்குக் கூப்பிட்டார்.

ஆடி பிறந்ததும் அம்மா குறுக்கே நின்றாள். வெள்ளிக்கிழமை ஒரு பிடி உப்பைக்கூட வாசல் தாண்ட விடாதவள், ஆடி வெள்ளியில் பிள்ளையின் ரத்தத்தை வெளியே விடுவாளா? அந்த டாக்டருக்கு வேறு நாள் கிடையாது. அண்ணனுக்கும் கடையை விட்டு வர மனமில்லை. பழைய சீட்டைக் காட்டி மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டான். நான் கத்தித் தீர்த்தேன். வீட்டில் என் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது?

பாதி ஆடியில் அவனுக்கு வாயெல்லாம் புண், அனலாய்க் காய்ச்சல். அம்மா நிலைப்படியில் வேப்பிலை செருகினாள்.

"ஏட்டி, அம்மன் வந்திருக்கா. மருந்து மாத்திரைன்னு வாயத் தொறக்காத."

கூழ் ஊற்றிப் பார்த்தார்கள், விழுங்க முடியவில்லை. ஈறில் கசிந்த ரத்தம் நிற்காமல் போன பிறகுதான் டாக்சி கூப்பிட்டார்கள். வீட்டில் எல்லோர் மேலும் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

டாக்டர் முதலில் கேட்டது போன வாரங்களின் ரத்த ரிப்போர்ட்டைத்தான். நான் பழைய சீட்டை எடுத்து நீட்டினேன். ஊசி குத்தும்போது அம்மாதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அன்றும் ஆடி வெள்ளிதான்.

வெள்ளை அணு இல்லாத மாதிரிதான் என்றார்கள். மறுநாள் போய்விட்டான்.

குளிப்பாட்டும்போது பார்த்தேன். உடம்பில் ஒரு செதில் இல்லை. அந்தச் சுத்தமான தோலைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.