சமாதானம் பேச வந்தவர்

காய்ச்சலுக்காக என் கணவரை நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று நர்ஸிடம் சொல்லியும் அவள் அதே ஊசியைப் போட்டுவிட்டாள். முகம் வீங்கி மூச்சு முட்டியது. டியூட்டி டாக்டர் ஓடிவந்து வேறு ஊசி போட்டதால் பிழைத்தார்.

புகார் செய்தேன். மறுநாள் ஓர் அறைக்கு அழைத்தார்கள். நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் நடுவே சமரசம் பேசப் பயிற்சி பெற்றவர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"கோபப்படாதீங்கம்மா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஊசி போட்ட பொண்ணு எங்கீங்க?" என்றேன்.

"அவங்கள உள்ள விடக்கூடாதுங்க. கோபமா வர்றவங்கள ஆத்துறதுக்குத்தான் எங்களுக்கு ட்ரெய்னிங்."

அவள் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கடைசியில் வந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுங்க. அடுத்த பெட்டுக்கு ஓடுனதுல மறந்துட்டேன். அப்பவே வந்து சொல்லலாம்னு இருந்தேன், பேசக்கூடாதுன்னுட்டாங்க" என்று அழுதாள்.

அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவள் வாயைக் கட்டியவர்கள்மேல் இன்னும் இருக்கிறது. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு மற்றவரை அடக்கக் கற்றுத்தருவதற்குப் பெயர் சமரசப் பயிற்சியா?

இப்போதெல்லாம் யார் ஊசியோடு வந்தாலும், என்ன மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே என் கணவரை நெருங்க விடுகிறேன்.

- சரஸ்வதி, எருமப்பட்டி