நெருக்கடிக்கு உள்ளானவர் பெயர்

நூலக வேலையை 'நிம்மதியான வேலை' என்று சொல்லாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்படிச் சொன்னவர்கள் யாரும் ஒரு சனிக்கிழமை காலை கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. வெள்ளிக்கிழமை வார விடுமுறை முடிந்து கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்கிற கூட்டத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். என்னைப் போலவே நூலக வேலையில் மாட்டிக்கொண்டவர்கள்தானே நீங்களும்?

பாலக்கோடு பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர். என்னோடு இரண்டு பேர். முருகன் நிரந்தரப் பணியாளர், முன்கோபி. ஸ்டெல்லா அக்கா நல்லம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், பதினான்கு வருஷமாகத் தினக்கூலி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பணியிட நெருக்கடியில் சக பணியாளருக்குத் துணை நின்றவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரப்போகிறார்களாம். கிளைக்கு ஒரு பெயர், நடந்த சம்பவம் ஒன்று, வியாழன் மாலை ஐந்து மணிக்குள். அக்காவை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கிறது. அதில் சேர்க்க உருப்படியான காகிதம் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. அவர் பெயரை எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. அடுத்த கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. அதில் இப்படி அச்சடித்திருந்தது: 'நெருக்கடிக்கு உள்ளானவர் பெயர், பதவி மற்றும் நெருக்கடிக்கான காரணம்.'

தக்காளி விலைப் பக்கம்

முதலில் முருகன் கதைதான் ஞாபகம் வந்தது. மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிகள் லோடை இறக்கிவிட்டு நேராக எங்களிடம் வருவார்கள். பேப்பரில் விலை போட்டிருக்கும் பக்கத்துக்குத்தான் போட்டி. அன்று இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் பக்கம் சரியாக விலைக்கு நடுவே கிழிந்தது. முருகன் போட்ட சத்தத்தில் வாசிப்பறையே எழுந்து நின்றது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அடிதடிதான். அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் நின்றேன்.

ஸ்டெல்லா அக்காவிடம் இதற்கென்று ஒரு வைத்தியம் உண்டு. திரும்பி வந்த புத்தகங்களில் ஓர் அடுக்கை எடுத்து, கொதிக்கிற ஆளின் கையில் வைத்து, அலமாரிப் பக்கம் அனுப்பிவிடுவார். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணில் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் பார்த்து வரிசையில் வைக்கிறவரால் அதே நேரத்தில் கோபப்படவும் முடியாது. அன்றும் அதேதான் நடந்தது. அக்கா கவுன்ட்டரில் உட்கார்ந்து பக்கத்தை டேப் போட்டு ஒட்டி, சண்டைக்காரர்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விலையை வாசித்துக் காட்டினார். இருபது நிமிஷத்தில் முருகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

இதையே எழுதிவிடட்டுமா என்று முருகனிடம் கேட்டேன். பதறிப் போனார். "எங்க மாமனார் வூட்ல நான்தான் லைப்ரரிக்கே ஆபீசருன்னு சொல்லி வெச்சிருக்கறேன் மேடம். நெருக்கடின்னு போட்டு என் பேரு வெளிய வந்துச்சுன்னா தீபாவளிக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு அங்க போறதுங்க?"

இரகசியப் பக்கம்

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சம்பவம். நாலு மாதத்துக்கு முன்னால் நடந்தது. அதில் நெருக்கடிக்கு உள்ளானவள் நான்தான், காரணமும் நான்தான்.

அன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் கூட்டம். நாற்காலிகளைவிடக் கர்சீப்புகள் அதிகம். ஆளைக் காணோம், நாற்காலியில் கர்சீப் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது, ஒன்றில் டிபன் பாக்ஸ்கூட உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து என் மேசையில் குவித்தேன். உடனே உரிமையாளர்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஆத்திரத்தோடு புதுப் புத்தகங்களுக்கு நூலக முத்திரை குத்த உட்கார்ந்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். தலைப்புப் பக்கத்தில் ஒன்று, திருட்டுக்குப் பயந்து நாங்கள் மட்டும் அறிந்து வைத்திருக்கும் இரகசியப் பக்கத்தில் ஒன்று. வாய் சண்டை போட, கை தன்பாட்டுக்குக் குத்திக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்துக் கவுசல்யா என்ற பெண் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வந்து, காகிதங்களைப் பைலில் அடுக்குவதற்காக என் மேசை ஓரத்தில் வைத்திருக்கிறாள். அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில், நட்ட நடுவில், ஊதா நிறத்தில் எங்கள் வட்ட முத்திரை பதிந்துவிட்டது.

அது அசல். அடுத்த வாரம் சென்னையில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அந்தப் பெண் அழக்கூட இல்லை, என்னையே பார்த்தாள். குவியலிலிருந்து யாருடைய கர்சீப்பையோ எடுத்துத் தண்ணீரில் நனைத்துத் துடைக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க மேடம். இப்ப இது தெரியாம விழுந்த சீலுதாங்க. தேச்சீங்கன்னா திருத்துன சர்டிபிகேட்டு ஆயிரும்."

பென்னாகரம் பஸ்

என்னை உள்ளறையில் உட்கார வைத்தார். ஒரு சொம்பு தண்ணீர், ஒரு லெட்டர் பேடு. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: முத்திரை என் தவறால் பதிந்தது, இதற்கு மாணவி பொறுப்பில்லை. கையெழுத்துக்குக் கீழே அதே முத்திரையைக் குத்தினேன். அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு, கவுசல்யாவையும் அழைத்துக்கொண்டு பென்னாகரத்துக்குப் பஸ் ஏறினார். அவள் படித்த பள்ளி அங்கேதான். தலைமையாசிரியரைப் பிடித்து, அதே சான்றிதழ்தான் என்று அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

அந்த ஒரு வாரம் கதவு கிரீச்சிட்டால் எழுந்து நிற்பேன். கவுசல்யாவின் அப்பா அருவாளோடு வருவதாகவும் கற்பனை செய்திருக்கிறேன். கடைசியில் அவள்தான் வந்தாள், ஒரு பாக்கெட் மைசூர்பாகோடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "லெட்டரெல்லாம் வாங்கி வெச்சிக்கிட்டாங்க மேடம். அப்புறம் அந்த சீலைப் பாத்துட்டு, 'லைப்ரரில ரொம்ப நாள் இருந்தியாம்மா'ன்னு மட்டும் கேட்டாங்க."

ஒரு பணியாளர்

இதை எப்படிப் படிவத்தில் எழுதுவது? எழுதினால் அக்காவுக்குச் சான்றிதழ், எனக்கு மெமோ. என் பதவி உயர்வுப் பட்டியலும் அப்போது மேலேதான் இருந்தது. புதன்கிழமை முழுக்கப் படிவத்தை மேசை இழுப்பறையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். முருகன்கூட இழுப்பறைக்கு எண்ணெய் போடட்டுமா என்று கேட்டார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். 'ஒரு பணியாளர் தவறுதலாக ஒரு முத்திரையை ஓர் ஆவணத்தில் பதித்துவிட்டார்' என்று எழுதி மெயிலில் அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

வியாழன் மதியம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. பேசிய எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், துணை நின்னவங்க பேரு இருக்குது, நெருக்கடில இருந்தவங்க பேரு இல்லீங்களே. யாருக்கும் வராத நெருக்கடிக்கு நாங்க எப்படிங்க சர்டிபிகேட் குடுக்கறது?"

நாலரை மணி

நாலரைக்குப் புதுப் படிவம் எடுத்து என் பெயரை எழுதினேன், பதவியை எழுதினேன். காரணம் என்ற கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன், கவுசல்யாவுக்குக் கொடுத்த கடிதம் உட்பட. வீரம் ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷமாகத் தினக்கூலியில் வருகிற ஒருவரின் காகிதத்தை என் பயம் மறித்துக்கொண்டு நிற்பது எனக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அக்கா பார்த்துவிட்டார். மெஷின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. மணி நாலு ஐம்பது. கையை எடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் அவர் பாணியிலேயே திரும்பி வந்த புத்தகங்களில் ஓர் அடுக்கை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொள்ளத்தான் செய்தார். போகும்போது சொல்லிவிட்டுப் போனார். "எனக்குச் சர்டிபிகேட்டு இல்லாமப் பழகிப்போச்சுங்க மேடம். உங்களுக்கு மெமோ வாங்கிப் பழக்கமில்லீங்க."

ஒரே கவர்

பதினேழு நாள் கழித்து ஒரே கவரில் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று பாராட்டுச் சான்றிதழ், அக்கா பெயருக்கு, தங்க நிறக் கரை போட்டது. இன்னொன்று எனக்குக் குறிப்பாணை, அதாவது மெமோ. சான்றிதழைப் பாழாக்கியதற்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாணவிக்குக் கொடுத்த கடிதத்துக்கு எண் போடாமல், அனுப்புகைப் பதிவேட்டில் பதியாமல், அலுவலக முத்திரையைப் பயன்படுத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது.

அக்கா தன் சான்றிதழை முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். கோப்பில் சேர்க்க அதை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவிடலாம் என்றேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் குறிப்பாணையை விரித்தார். "அது எங்கயும் ஓடிராதுங்க. பதில் குடுக்க உங்களுக்குப் பதினஞ்சு நாளுதான் போட்டிருக்கறாங்க. பேனாவை எடுங்க மேடம், நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

சக பணியாளரின் நெருக்கடியில் துணை நிற்பவரைப் பாராட்டுகிற மேலிடம், அந்தப் பாராட்டு வீண்போகாதபடி அதே கவரில் ஒரு நெருக்கடியையும் வைத்து அனுப்புகிறது என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்ட நூலக அறிவியல்.