நசரத்பேட்டைக்குக் காற்றுப் பை காரில்

ஆவடி, காலை ஒன்பதரை. குவார்ட்டர்ஸ் வாசலில் கார் படுத்துக் கிடந்தது. நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பின்பக்க இடது மூலை தரையோடு தரையாக இறங்கி, சக்கரத்தில் பாதியை மட்கார்டு விழுங்கியிருந்தது. எதிர்வீட்டுத் திருச்சிக்காரர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன சார், காருக்கும் மசக்கையா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

தொண்ணூற்றிரண்டு, தை மாதம், வெள்ளிக்கிழமை. அன்று என் மனைவி கஸ்தூரிக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு, பிரசவத்துக்காக அவளை நசரத்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்க்குப்பம், பூந்தமல்லி, அப்புறம் பெங்களூர் சாலையில் கொஞ்ச தூரம். எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். இதையும் ஒரு பயணம் என்று எழுதுவார்களா என்று கேட்பவர், அந்தச் சாலையில் அந்த வருஷம் போகாதவர்.

கார் கஸ்தூரியின் தம்பி ஏழுமலையுடையது. அறுபதுகளில் செய்த வெளிநாட்டு கார். டெல்லியில் ஏதோ ஒரு தூதரகத்தில் ஓடி, கை மாறிக் கை மாறி பெங்களூர் வந்து, கடைசியில் இவன் தலையில் விழுந்தது. பூந்தமல்லி வட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறான். அதில் மற்ற கார்களில் இருப்பது போல ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பைகள். என்ஜின் ஓடினால் அதோடு இணைந்த ஒரு சின்ன பம்ப் காற்றை அடைத்து அந்தப் பைகளை நிரப்பும். கார் மெல்ல எழுந்து நிற்கும். அப்புறம் பள்ளத்தில் விட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ள டீ சிந்தாது. மாப்பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியாது. எனக்குத் தெரிந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கஸ்தூரிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, ஒரு கல்யாணத்துக்கு அவளை ஆட்டோவில் அழைத்துப் போனேன். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி ஒரு பள்ளத்தில் ஆட்டோ விழுந்து எழுந்தது. அன்று இரவே வலி வந்து, குழந்தை இல்லாமல் போயிற்று. பஸ்ஸில் போகலாம் என்றவளைப் பிடிவாதமாக ஆட்டோவில் ஏற்றியவன் நான். அதற்குப் பிறகு அந்தச் சாலையின் பள்ளங்கள் எனக்கு மனப்பாடம். வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட ஜன்னல் வழியே அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். இந்த முறை அவளைக் காற்றில் வைத்துத்தான் கொண்டுபோவது என்று முடிவு செய்துவிட்டேன்.

காற்றுதான் நிற்க மாட்டேன் என்றது. ஏழுமலையும் நானும் பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காருக்கு அடியில் கிடந்தோம். சோப்புத் தண்ணீரைத் தேய்த்துப் பார்த்தால், ஒரு ஓட்டை என்று விரல் வைக்க முடியாமல், இடது பின் பை முழுக்க நுரை பொரிந்தது. ரப்பர் கிழடு தட்டி மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றையும் விடவில்லை. "இதுக்கு நீ சீமைக்குத்தான் போவணும் நைனா" என்று ஒரு கடைக்காரர் கையை விரித்தார். ஆக, ஓடினால் நிற்கும், நின்றால் படுக்கும் என்பதை ஏற்றுக்கொண்டோம். கிளப்புவதற்கு முன் கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டால் எழுந்துவிடும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பத்தே கால். வளையல் அடுக்கும் படலம் முடிகிற வழியாக இல்லை. குவார்ட்டர்ஸில் தஞ்சாவூர்க்காரி ஒருத்தி, சேலத்துக்காரி ஒருத்தி என்று ஆளாளுக்குத் தங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம்.

"மாப்ளே, பத்தரைக்குள்ள வண்டி நவுரணும். வாயும் வயிறுமா கீற பொண்ணு, ராவு காலத்துல வாசப்படி தாண்டக் கூடாது."

வெளியே ஏழுமலை அப்போதுதான் என்ஜினைக் கிளப்பியிருந்தான். "அம்மா, கால் மணி நேரம் பொறுத்துக்கோ. காத்து ஏறாம எடுத்தா பை மடிஞ்சி கீய்ஞ்சிடும்."

"கால் மணி நேரம் கய்ச்சி ராவு காலம் வந்துடும்டா. ஏறி ஒக்காரு."

"சரி, ஒண்ணு பண்ணலாம்" என்றான் ஏழுமலை. "இப்ப எடுக்கறேன். தெருமுனையில நிறுத்திக்கலாம். அங்க காத்து ஏறட்டும்."

நல்ல யோசனை என்று நான் தலையை ஆட்டினேன். கஸ்தூரியை ஏற்றினோம். பக்கத்தில் மாமியார். டிக்கியில் ஐந்து வகைச் சோற்று அடுக்குகள். முன்னால் நானும் ஏழுமலையும். கார் எழுந்திருக்க மனமில்லாமல் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. தெருமுனை வந்தது. ஏழுமலை பிரேக்கில் கால் வைத்தான்.

"நிறுத்தாதடா" என்றார் மாமியார். "ஊட்டு வாசல்ல நின்னு எல்லாரும் பாத்துகினு கீறாங்க. கெளம்பன வண்டி அவங்க கண்ணு முன்னால நிக்கக் கூடாது."

திரும்பிப் பார்த்தேன். தெருவே வாசலில் நின்று கையசைத்தது. ஏழுமலை என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். மெயின் ரோட்டுக்கு ஏறும் மேட்டில் பின்பக்கம் இடது சக்கரம் 'டக்' என்று எதன் மேலோ இடித்த சத்தம் கேட்டது.

பத்தே முக்கால், பருத்திப்பட்டு. கார் எழுந்துவிட்டது. எழுந்தது மட்டுமல்ல, ராஜா மாதிரி போயிற்று. ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. எதிரே வந்த டவுன் பஸ் ஒன்று அந்தப் பழைய பள்ளத்தில் விழுந்து, ஜன்னல் கம்பிகளெல்லாம் ஆட, தடதடத்துப் போனது. அதே பள்ளத்தில் நாங்களும் இறங்கினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தொட்டில் ஆடுவது போல் ஒரு தரம் ஆடியது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் கஸ்தூரி ஏரியில் மேய்கிற நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. மூக்கைச் சிந்துவது போல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் காடுவெட்டி தாண்டும் வரை இருந்தது. சென்னீர்க்குப்பத்துக்குச் சற்று முன்னால், பெரிய பள்ளம்கூட இல்லை, குழாய் போடத் தோண்டி மூடிய ஒரு பட்டை. அதில் ஏறி இறங்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம். கார் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. அடுத்த குழியில் இரும்பு இரும்போடு மோதியது முதுகுத்தண்டில் ஏறியது. "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். ஏழுமலை அதற்குள் நிறுத்தியிருந்தான்.

இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். "வலிக்குதா? எங்கயாவது வலிக்குதா?"

"இல்லீங்க. பசிக்குது" என்றாள் கஸ்தூரி.

பதினொன்று. சாலையோரம் ஒரு பங்ச்சர் கடையும் அதை ஒட்டி ஒரு டீக்கடையும் இருந்தன. பங்ச்சர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். பை மடிப்போடு நீளமாகக் கிழிந்திருந்தது. தெருமுனையில் படுத்த வாக்கில் ஓட்டியபோது, மடிந்த இடம் இரும்புக்கு நடுவில் நசுங்கியிருக்கிறது. மிச்சத்தைச் சாலை பார்த்துக்கொண்டது.

"ட்யூப்பா இருந்தா ஒட்டித் தர்லாம் அண்ணாத்தே. இது துணி கிழிஞ்சா மாரி கிழிஞ்சிகினு கீது. லாரி டயர் துண்டு ஒண்ண உள்ள சொருவிக் கட்டறேன். இரும்பு இடிக்காது. ஆனா கட்ட வண்டி மாரிதான் போவும்."

"குலுங்குமா?" என்று கேட்டேன்.

"குலுங்காம பின்ன?" என்றார்.

அவரும் ஏழுமலையும் ஜாக்கியைப் போட்டார்கள். காற்று வீணாகாமல் இருக்க, கிழிந்த பைக்குப் போகும் குழாயை அடைத்துக் கட்டினார்கள். மாமியார் பக்கத்தில் நின்று, இதற்கெல்லாம் காரணம் ஏழுமலை பழைய காரை வாங்கியதுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராகு காலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்காது.

கஸ்தூரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டாள். டீ ஒரு ரூபாய், சர்க்கரைப் பாகாக இருந்தது. நான் சாலையைப் பார்த்து நின்றேன். வாடகைக் கார் ஒன்று வந்தால் மறிக்கலாம் என்று நினைத்தேன். வந்ததெல்லாம் செங்கல் லாரியும் பஸ்ஸும்தான். அப்போது காலியாக வந்த ஓர் ஆட்டோ, எங்களைப் பார்த்துவிட்டு ஓரம் கட்டியது.

"இன்னா நைனா, வண்டி மக்கர் பண்ணிச்சா? எங்க போவணும்?"

"வேண்டாம், போப்பா" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"நசரத்பேட்ட" என்று என் பின்னாலிருந்து சொன்னாள் கஸ்தூரி. "கொஞ்சம் இருங்க, வரேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல். நான் வழியை மறித்து நின்றேன். உனக்குப் பைத்தியமா, ஒருதரம் பட்டது போதாதா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. அன்னிக்கி போனது ஆட்டோவால இல்ல."

நான் நின்றிருந்த ஆட்டோவைப் பார்த்தேன்.

"டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அதுக்கு முன்னயே கொழந்த வளராம நின்னு போச்சாம். ஒரு வாரம், பத்து நாள் இருக்குமாம். நீங்க என்னை ஆட்டோல ஏத்தினப்பவே அது இல்ல."

சத்தமில்லாமல் சொன்னாள். ஆட்டோக்காரர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்ல வேண்டும். முதலில் கால் இரண்டும் லேசானது. அடுத்த நொடியே கோபம் வந்தது. இரண்டு வருஷம் நான் பள்ளம் பள்ளமாகப் பார்த்து வெந்துகொண்டிருந்ததை இவள் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறாள்.

"போலாமா?" என்றாள். போனோம்.

பதினொன்றரை. ஆட்டோவில் கஸ்தூரி நடுவில், மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ராகு காலம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மாமியார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "பாத்து ஓட்டு நைனா" என்று மட்டும் சொன்னார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகே நெரிசல். மல்லிகைக் கூடைகள், கரும்பு வண்டி, பிளிறுகிற பஸ்கள். ஒவ்வொரு குழிக்கும் வளையல்கள் குலுங்கின. என் கை தானாக முன் கம்பியை இறுகப் பற்றியது. பாதி வழியில் கஸ்தூரி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்தக் குலுக்கலில் எப்படித் தூக்கம் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நசரத்பேட்டை வந்தபோது பன்னிரண்டு அடிக்கவில்லை. "உள்ள போவ கொஞ்சம் நேரம் ஆவட்டும்" என்று மாமியார் எங்களை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, ஆரத்தி கரைக்கப் போனார். ஏழுமலையின் கார் இனிமேல்தான் வரவேண்டும். கேட்டுவிட்டேன்.

"ஏன் கஸ்தூரி என்கிட்ட சொல்லல?"

அவள் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில ஒங்க அம்மா வந்து இன்னா கேட்டாங்கன்னு ஞாபகம் கீதா? 'எதத் தூக்குனா, எதத் தின்னா'ன்னு கேட்டாங்க. நீங்க ஒடனே, 'அவ ஒண்ணும் பண்ணல, நான்தான் ஆட்டோல கூட்டினு போனேன்'னு சொன்னீங்க. அதோட வாய மூடிட்டாங்க. இதுவரிக்கும் யாரும் எதுவும் கேக்கல. வளராம நின்னு போச்சின்னு சொல்லியிருந்தா, ஒடம்புல கோளாறுன்னு பேசியிருப்பாங்க. ஒங்க மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

பன்னிரண்டு அடித்ததும் மாமியார் தட்டோடு வந்தார். ஆரத்தி எடுத்து எங்களை உள்ளே அழைத்துப் போனார். சாப்பிட்டேன். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டில் விட்ட பிறகு கணவன் தங்குவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மூன்று மணிக்கு ஏழுமலை, லாரி டயர் கட்டிய காரில் தடதடவென்று வந்து சேர்ந்தான். திரும்பக் கொண்டு விடுகிறேன் என்றான். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன்.

பூந்தமல்லியில் மாறி, ஆவடி பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டுதான் கிடைத்தது. டிக்கெட் ஒன்றரை ரூபாய். காடுவெட்டி வரை அவள் மேல் கோபமாகவே இருந்தேன். இரண்டு வருஷம் சும்மா போகுமா? பருத்திப்பட்டில் பஸ் அந்தப் பள்ளத்தில் விழுந்து எல்லோரையும் ஓரடி தூக்கிப் போட்டது. யாரோ டிரைவரைத் திட்டினார். நான் டாக்டரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று மருந்து வாங்கப் போகாமல் நான் அறையிலேயே இருந்து, அந்த அம்மாள் அதை என்னிடமே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று. வெளியே வராந்தாவில் என் அம்மா காத்திருக்கிறாள். எதைத் தூக்கினாள், எதைத் தின்றாள் என்று கேட்கப்போகிறாள். ஏரியைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் நான் ஆட்டோ என்றுதான் சொல்லியிருப்பேன்.