ஐஸ் அக்காவின் எழுத்து அட்டை

நர்ஸ் அறை வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு நின்றாலும், ஊரைக் கூட்டி அழுகிறவனை அவள் முதலில் பார்க்க மாட்டாள். சத்தமே இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பது எதுவோ, அதைத்தான் விரல் நீட்டிக் கூப்பிடுவாள். "நீ வா. எங்க, காட்டு." அலறுகிறவன் கோபித்துக்கொண்டு இன்னும் இரண்டு கட்டை ஏற்றி அலறுவான். "கத்துறதுக்குத் தெம்பு இருக்குல்ல? அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல. வரிசையில நில்லு" என்பாள்.

எட்டு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் குழந்தைகளைப் பார்த்தவள். எங்கள் தொடக்கப் பள்ளிக்கு நர்ஸாக வந்து நாலு மாதம் ஆகிறது. முகத்துக்கு நேரே 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் என்ற உரிமையில் இங்கே 'அவள்' என்று எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்து மூன்று வருஷமாக அதே வகுப்பு. பிள்ளைகளைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. இருந்தது.

அவளுக்குக் கொடுத்த அறை, அதுவரை தட்டுமுட்டுச் சாமான் போடுகிற இடம். கால் உடைந்த நாற்காலிகளையும் காற்றுப் போன பந்துகளையும் மூலைக்குத் தள்ளிவிட்டு ஒரு கட்டில் போட்டார்கள். கட்டில் ஆடும். வயிற்றுவலி என்று படுத்த பிள்ளை தலைசுற்றலோடு எழுந்து வரும். முதல் நாளே பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, சொல்லிவிட்டார்: "நம்ம ஸ்கூல்ல பெருசா ஒண்ணும் வராது சிஸ்டர். வந்தா ஐஸ் வையுங்க. மிஞ்சிப்போனா வீட்டுக்குப் போன் போடுங்க." விழுந்தாலும் ஐஸ், பல் ஆடினாலும் ஐஸ், பென்சில் தொலைந்து அழுதாலும் ஐஸ். ஒரே வாரத்தில் பிள்ளைகள் ஐஸ் அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். "மூச்சு நின்னுபோன குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்த கை டீச்சர் இது. இப்ப ஐஸ் டப்பாவைப் பிடிச்சிட்டு நிக்குது" என்று ஒருநாள் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்களாம். கழுவிக் கழுவியே புறங்கைத் தோல் வெடித்திருக்கும். ஆசிரியர் அறையில் யார் இருமினாலும் அவள் தலை தானாகத் திரும்பும். இருமலைக் கேட்டுவிட்டு, பரவாயில்லை என்பதுபோல மறுபடி சாப்பாட்டுக்கு வரும். ஆஸ்பத்திரி வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "ராத்திரி டியூட்டி, பகல் டியூட்டின்னு மாத்தி மாத்திப் போடுவாங்க. என் பொண்ணுக்கு மூணு வயசு. ஒருநாள் என்னைப் பார்த்து, 'ஆன்ட்டி, தண்ணி வேணும்'னா. அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன்." இங்கே ஆறு மாதம் எந்தப் புகாரும் இல்லாமல் கழிந்தால்தான் வேலை நிரந்தரம். அந்தப் பெண்ணுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஐஸ் வைத்தாள்.

இரண்டாம் மாதம் கண் பரிசோதனை வந்தது. மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எழுத்து, கீழே போகப் போக எறும்பு அளவுக்கு எழுத்துகள். அந்த அட்டையை ஒரு வாரம் முன்பாகவே என் வகுப்புச் சுவரில் மாட்டி வைத்தாள். ஊசியோ அட்டையோ, முன்கூட்டியே காட்டிவிட்டால் குழந்தைகள் பயப்பட மாட்டார்கள் என்பது ஆஸ்பத்திரியில் அவள் படித்த பாடம். நல்ல பாடம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தனித்தனியாக இருப்பார்கள். இங்கே வகுப்பாக இருப்பார்கள், வகுப்புக்கு ஒரு டீச்சரும் இருப்பாள். சுவரில் எழுத்தைப் பார்த்தால் சும்மா விடுகிற ஆளா நான்? தினமும் வாய்ப்பாடு முடிந்த கையோடு அட்டையையும் நாலு தடவை கோரஸாகச் சொல்ல வைத்தேன். கடைசி வரி பொடி எழுத்து என்பதால் கிட்டே போய்ப் படித்துச் சொன்னேன். என் வகுப்பு தலைகுனியக் கூடாதே!

தலைகுனியவில்லை. ஒரு பிள்ளைக்கும் குறையில்லை என்று அறிக்கை வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள், அதன் கீழே நானும் போட்டேன். பெரிய டீச்சர் பூரித்துப்போய் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மேலிடத்துக்கும் ஒரு நகல் அனுப்பினார்.

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. கரும்பலகையைப் பார்க்கச் சொன்னால், தூக்கம் வந்தவள் மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தது நான்தான். வகுப்பே பிடித்துக்கொண்டது.

இந்த மாதம் மூன்றாவது தடவையாகத் தூணில் மோதி, நெற்றி புடைத்து ஐஸ் வாங்கப் போனாள். அழாத பிள்ளை. சிஸ்டருக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னாளாம். மேலிருந்து கீழ்வரை மளமளவென்று வந்தது. அப்புறம் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "இப்பப் படி" என்றாளாம். பின்பக்கம் வெறும் பழுப்பு. சிறுமி அதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

சிஸ்டர் நேரே என் வகுப்புக்கு வந்தாள். "டீச்சர், அட்டையை நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"பின்ன? டெஸ்ட்டுன்னா சொல்லிக் குடுக்காம இருப்போமா?" என்று சிரித்தேன்.

"மாட்டி வெச்சது நான்தானே" என்றாள். அன்று மதியம் நின்றுகொண்டுகூடச் சாப்பிடவில்லை. ஒரு வெள்ளை அட்டையில் ஸ்கேல் வைத்து வேறு எழுத்துகளை எழுதி, சிறுமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதல் வரிக்குக் கீழே அவளுக்கு எதுவுமே தெரியவில்லை.

பெரிய டீச்சரிடம் போனோம். "மேல அனுப்பியாச்சு. போர்டுல ஒட்டியாச்சு. இப்பப் போய்த் தப்புன்னா ஊரே சிரிக்கும். அடுத்த வருஷம் டெஸ்ட் வரும்ல சிஸ்டர், அப்பப் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் அந்தச் சிறுமி இங்கே இருக்கப் போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று இருக்கிற வேறு பள்ளிக்கு அவளை அனுப்பச் சொல்லி ஏற்கெனவே கடிதம் எழுதியாகிவிட்டது. எழுதியது நான். அதற்கு ஆதாரமாக இணைத்திருந்தது இந்த அறிக்கையை. சம்மதக் கையெழுத்துக்காக மறுநாளே அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தோம்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சிஸ்டர் என் பக்கம் திரும்பினாள்.

"பார்ப்போம்" என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் அம்மா வந்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சிறுமி அவள் தோளை ஒட்டிக்கொண்டு நின்றாள். "வீட்டுல சரியான வாயாடி மிஸ். ஒரு கதையை ஒரு தடவை கேட்டாப் போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவா. இங்க மட்டும் ஏன் இப்படின்னு தெரியலயே."

"ஞாபகம் வேற, படிப்பு வேறம்மா" என்றார் பெரிய டீச்சர். அறிக்கையை அவள் முன்னால் தள்ளினார். "பாருங்க, கண்ணு நல்லா இருக்கு. சிஸ்டரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, கிளாஸ் டீச்சரும் போட்டிருக்காங்க. அப்பக் குறை எங்க இருக்குன்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். அதுவரை இல்லாத ஒரு சந்தேகம் அந்தப் பார்வையில் வந்தது. அதை வரவழைத்தது எங்கள் காகிதம். "நான் எங்க மிஸ் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.

சுவரோரம் நின்றிருந்த சிஸ்டர் வந்து அறிக்கையை எடுத்தாள். தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் எழுதினாள். எழுதியதை அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள்: "நான் செய்த பரிசோதனை தவறு. இந்தக் குழந்தைக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்."

"சிஸ்டர், ஆறு மாசம் இன்னும் முடியல. ஞாபகம் இருக்குல்ல?" என்றார் பெரிய டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை.

"இருக்கு மேடம்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. காகிதத்தை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினாள். அவள் அடித்த கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து அப்படியே இருந்தது. பேனாவை மூடாமல் என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.