செல்வராணி அக்கா ஆமென் சொல்லவில்லை

பிரியமானவர்களே, போன பணம் இன்னும் திரும்பி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி என்றால் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று எழுதுவார்கள், நீங்களும் அதை எதிர்பார்ப்பீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவும் இல்லை. ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எரிச்சலோடும் சாட்சி சொல்லலாம் என்று பாஸ்டரம்மா சொன்னார்கள். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். நானும் என் கணவர் ஸ்டீபனும் கோலார் தங்கவயல்காரர்கள். அவர் பெங்களூரில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் லினன் அறையில் வேலை செய்கிறேன். வார்டுகளுக்குப் போகிற விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஒரே மகள் ஜாய்ஸ், இரண்டாம் வருட பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ படிக்கிறாள்.

நாங்கள் ஜீவனஹள்ளியில் லீஸ் வீட்டில் இருந்தோம். லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிடுவோம், காலி பண்ணும்போது அவர் அதை அப்படியே திருப்பித் தருவார். எங்களுக்கு நிலமும் இல்லை, நகையும் பெரிதாக இல்லை. சொத்து என்றால் அந்த லீஸ் பணம் ஒன்றுதான். சுரங்கம் மூடியபோது என் மாமனாருக்கு வந்தது, நான் கட்டிய சீட்டு, ஸ்டீபனின் ஓவர்டைம், எல்லாம் அதற்குள் இருந்தது.

வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் கேட்டார். பணத்தை ஒழுங்காகக் கொடுத்தும்விட்டார். பக்கத்துத் தெருவில் வேறு வீடு பேசி முடித்தோம். ஆனால் அங்கே இருந்த குடும்பம் காலி பண்ணச் சில மாதம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் அடுகோடியில் என் நாத்தனார் வீட்டு ஹாலில் பாயும் பெட்டியுமாகப் போய் விழுந்தோம். இரண்டு வீட்டுக்கு நடுவில் அந்தப் பணம் பேங்கில் சும்மா கிடந்தது. பணம் சும்மா கிடந்தால் சில பேருக்குத் தூக்கம் வராது. ஸ்டீபன் அந்த ஜாதி.

கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒருவர் அவருக்கு ஒரு மைனிங் ஆப்பைக் காட்டியிருக்கிறார். எங்கோ ஒரு நாட்டில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடி கிரிப்டோ காசு உண்டாக்குமாம். நாம் பணம் கட்டினால் அந்தக் கம்ப்யூட்டரில் நமக்கு ஒரு பங்கு. அது உண்டாக்குகிற காசில் நம் பங்கு தினமும் போனில் வந்து விழும். சுரங்கம் என்று சொல்லிவிட்டால் தங்கவயல்காரனுக்கு வேறு விளக்கம் எதற்கு?

"பாதிதான் எஸ்தரு. மீதி உன் அக்கவுண்ட்லயே இருக்கட்டும். வீடு காலியாகறதுக்குள்ள எடுத்துடலாம்" என்றார். தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே போனைக் காட்டுவார். காசு ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு முறை கொஞ்சம் எடுத்தும் பார்த்தார், பேங்குக்கு வந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஜாய்ஸுக்குக் கல்லூரி திறந்த வாரம் ஆப் திறக்கவில்லை. ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. யாரோ உள்ளே புகுந்து எல்லாருடைய காசையும் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம், விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம், பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறதாம். கீழே ஒரு வரி: உங்கள் பொறுமைக்கு நன்றி. எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் இன்னும் செய்தியையே படித்து முடிக்கவில்லை, அதற்குள் பொறுமைக்கு நன்றி!

பணம் கட்டியவர்களுக்கென்று டெலிகிராமில் ஒரு குரூப் இருந்தது. அதை ஸ்டீபனின் போனில் உட்கார்ந்து படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு வைத்ததைப் போட்டிருந்தார். ஒருத்தர் இந்திக்காரர், கெட்ட வார்த்தை தவிர வேறு எதுவும் எழுதவில்லை. கம்பெனிக்காரனே திருடிவிட்டுத் திருடன் கதை சொல்கிறான் என்றார் ஒருவர். உடனே நாலு பேர் பாய்ந்து வந்து, கம்பெனியும் நம்மைப் போல் நஷ்டப்பட்டிருக்கிறது, நம்பிக்கையோடு இருங்கள், வதந்தி பரப்பாதீர்கள் என்று அவரையே திட்டினார்கள். எனக்குத் திருடன் மேல் வந்த கோபத்தைவிட இந்த நாலு பேர் மேல்தான் அதிகம் வந்தது. எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அட்மின் குரூப்பையே பூட்டிவிட்டார். அதன் பிறகு யாரும் எழுத முடியாது, அவர் போடுகிற அறிவிப்பைப் படிக்க மட்டும் முடியும். அதுவும் பாதி நாள் வராது. பூட்டுவதற்கு முன்னால் ஸ்டீபன் அதில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டார்: இது எங்கள் லீஸ் பணம், பாதி போய்விட்டது, தயவு செய்து எங்களுக்காக ஜெபியுங்கள்.

சைபர் போலீஸுக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், எல்லாவற்றையும் எழுதியும் கொண்டார். கடைசியில், "நோடோணா அம்மா" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். இந்த ஊரில் அதைக் கேட்டபின் யாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், எழுந்து வந்துவிடுவார்கள். நாங்களும் வந்துவிட்டோம்.

புது வீட்டுக்காரர் முழுப் பணம் கேட்டார். பாதி என்றதும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாத்தனார் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குழம்பு ஊற்றும்போது, "இன்னும் எத்தினி நாளு அண்ணி?" என்று கேட்டார். என் மகள் பரீட்சைக்கு சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தாள். ஸ்டீபனோடு சண்டை போடக்கூட எனக்கு இடமில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருவோம்.

அழுவதற்கும் ஜெபிப்பதற்கும் எனக்கு இருந்தது அந்த வீட்டுக் குளியலறை ஒன்றுதான். குழாயைத் திறந்துவிட்டு ஜெபிப்பேன். முதலில் பணத்தைத் திருப்பிக் கொடும் என்று கெஞ்சினேன். நாள் போகப் போக அது கெஞ்சலாக இல்லை. ஒரு நாள், "ஆண்டவரே, பணத்தைக் கொடுக்க மாட்டீரா? சரி. எங்களுக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவாவது கொடும்" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வெளியே நாத்தனார் வாளியோடு காத்திருந்தார்.

அன்று மாலையே ஸ்டீபனின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஜோயல் என்று ஒரு பிரதர். முதல் வார்த்தையே ஸ்தோத்திரம். குரூப்பில் நீங்கள் போட்டதைப் பார்த்தேன், என் பணமும் அதே ஆப்பில் திருடு போனது, உபவாசம் இருந்து ஜெபித்தேன், தேவன் ஒரு வழியைத் திறந்தார், திருடுபோன காசைக் கண்டுபிடித்து மீட்டுத் தருகிற ஆட்களோடு இப்போது நானே ஊழியமாக வேலை செய்கிறேன் என்றார். எங்கள் காசு இருக்கிற இடம் என்று ஒரு படமும் அனுப்பினார். அதில் எங்கள் தொகை சரியாக இருந்தது. அதை விடுவிக்க வரியும் ஃபீஸும் கட்ட வேண்டும். அவர் சொன்ன ஃபீஸ், என் அக்கவுண்டில் மிச்சமிருந்த பாதியில் பெரும்பகுதி.

ஜெபித்த அன்றைக்கே வந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன அடையாளம் வேண்டும்? ஸ்டீபன்கூடக் கொஞ்சம் யோசித்தார். "விசுவாசம் இல்லாம இருக்காதீங்க" என்று அவரை அடக்கியது நான்தான்.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். கேட்டது கையில் கிடைக்கும் முன்பே விசுவாசத்தோடு ஸ்தோத்திரம் சொல்லிவிடுவோம். ஆபரேஷனுக்கு முன்பே சுகம் தந்ததற்கு நன்றி என்போம், இன்டர்வியூவுக்கு முன்பே வேலை தந்ததற்கு நன்றி என்போம். பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் குரலைப் பதிந்து போடுவோம், மற்றவர்கள் ஆமென் போடுவார்கள். அந்த ஆமெனில் முதல் ஆமென் எப்போதும் செல்வராணி அக்காவுடையது. ஐக்கியத் தலைவி. ஜீவனஹள்ளியில் சொந்த வீடு. என் சேலை பார்டர் முதல் ஜாய்ஸின் துப்பட்டா வரைக்கும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். எனக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆனாலும் அவர் ஆமென் போடாத விண்ணப்பம் முத்திரை குத்தாத கடிதம் மாதிரி.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், விரிப்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து குரலைப் பதிந்தேன். அதுவரை பண நெருக்கடி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "மைனிங்ல போன எங்க லீஸ் பணம் திரும்பி வருது சிஸ்டர்ஸ். ஜோயல்னு ஒரு பிரதர் மூலமா கர்த்தர் வழிய திறந்துட்டாரு. இப்பதான் ஃபீஸ் அனுப்பப் போறேன். கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்தோத்திரம் சொல்றேன்."

பிறகு பேங்க் ஆப்பைத் திறந்து தொகையைப் போட்டேன். ஆமென் ஒவ்வொன்றாக வந்தது. கூப்பிய கைகள், பூக்கள், புறா. செல்வராணி அக்காவுடையது மட்டும் வரவில்லை. கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. கேட்டுவிட்டு ஏன் போடவில்லை? என் பணம் வருவதில் இந்த அம்மாவுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கறுவினேன். அதை விட்டுவிட்டுப் பணத்தை அனுப்பியிருக்கலாம். ஆனால் விரல் போகவில்லை. அவர் ஆமென் வரட்டும், பிறகு அனுப்பலாம் என்று பிடிவாதமாகப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை.

ஆமென் வரவில்லை. செக்யூரிட்டி ஆள் வந்தார், யாரோ ஓர் அம்மா கேட்டில் அழுதுகொண்டு நிற்கிறார் என்றார்.

போய்ப் பார்த்தால் செல்வராணி அக்கா. வீட்டில் கட்டுகிற சேலை. காலில் ஒரு செருப்பு அவருடையது, இன்னொன்று வேறு யாருடையதோ. ஆட்டோவுக்குக்கூட இன்னும் காசு கொடுக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அனுப்பிட்டியா?"

"இல்லக்கா."

"அனுப்பாத. எஸ்தரு, அனுப்பாதடி. நான் குடுத்துட்டேன். அந்த ஜோயலுக்கு என் வளையல வித்துக் குடுத்துட்டேன். குடுத்தப்புறம் இன்னொரு வரி, இன்னொரு ஃபீஸுன்னு கேட்டுகினே இருக்கான். ஒண்ணும் வராது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, நீங்களும் அந்த மைனிங்ல…?"

"போன் பண்ணேன், போவல. குரூப்புல எழுத கை வரல. தலைவின்னு சொல்லிகினு எப்படிடி எழுதுவேன்? அதான் ஓடியாந்தேன்."

லினன் அறையில் டவர் கிடைக்காது, மருத்துவமனை வைஃபையில் நெட் மட்டும்தான் ஓடும், சாதாரண கால் வராது. அவர் போன் செய்தது எனக்குத் தெரியவே இல்லை. ஆட்டோக்காரருக்கு நான்தான் காசு கொடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். எனக்கு அழுகையைவிடக் கோபம் அதிகம். என்னை ஏமாற்றப் பார்த்தவன் மேல், என் மேல், கொஞ்சம் கர்த்தர் மேலும்கூட. ஜெபித்த அன்றைக்கே அந்த மெசேஜை வரவிட்டது எதற்கு என்று கேட்டேன். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அங்கேதான் அக்கா மீதியையும் சொன்னார். அவர் மாடியில் ஒரு சிறிய வீடு இருக்கிறது. அதில் லீஸுக்கு இருந்த தம்பதி சென்னைக்கு மாற்றலாகிப் போக வேண்டும். அவர்கள் கொடுத்த லீஸ் பணத்தைத்தான் அக்கா மைனிங்கில் போட்டிருந்தார். அவர்கள் தினமும் கேட்கிறார்கள். பணம் கொடுத்தால்தான் காலி பண்ணுவார்கள், காலியானால்தான் வேறு ஆள் பணம் கொடுப்பார்கள். யாரிடமும் சொல்ல முடியாமல் அவர் தனியாக உபவாசம் இருந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரே திருடனைப் பற்றி, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஜெபித்திருக்கிறோம்.

"எவ்வளவுக்கா, மாடி வீட்டு லீஸ்?" என்று கேட்டேன்.

சொன்னார். என்னிடம் மிச்சமிருந்த பாதிக்குள் அடங்கியது. முன்பின் தெரியாத ஆளாக இருந்தால், காலியாகாத வீட்டுக்குப் பணம் கொடுக்க நானே சம்மதித்திருக்க மாட்டேன். ஆனால் வேறு ஒருத்தர் செருப்போடு ஓடி வந்தவரை எப்படிச் சந்தேகப்படுவது? அந்த வாரமே பணத்தைக் கொடுத்தோம். அது அப்படியே அந்தத் தம்பதிக்குப் போனது. அவர்கள் சென்னைக்குப் போனார்கள், நாங்கள் மாடிக்கு ஏறினோம்.

வீட்டைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். சிறியது. சமையலறைக்கு மேலே தகரம், மழை பெய்தால் பேச முடியாது. அக்காவே வீட்டுக்காரி என்பதால் ஜாய்ஸின் துப்பட்டா விவகாரம் இப்போது தினமும் உண்டு. ஸ்டீபன் இன்னும் அந்த குரூப்பைத் திறந்து பார்க்கிறார், அட்மின் இன்னும் பொறுமைக்கு நன்றி சொல்கிறார். நான் இன்னும் அந்தப் பணத்தைக் கேட்டு ஜெபிக்கிறேன், விடவில்லை. ஜோயலுக்காகவும் ஜெபிக்கும்படி பாஸ்டரம்மா சொன்னார்கள். என்னால் முடியவில்லை. முடிந்தவர்கள் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குடிபோன முதல் நாள் நான் உள்ளே நின்று கதவைச் சாத்தினேன். மழையில் மரம் ஊறிப்போய் அது சாத்த வரவில்லை. தோளால் முட்டித் தள்ளினேன். சாத்திக்கொண்டது. எங்களுக்கென்று ஒரு கதவு. அப்படியே அதில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் எழுதச் சொன்னதே அக்காதான். "என் பேரயும் போடு" என்றார். இந்தச் சபையில் இன்னும் சில பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றுகிறது. திருடன் கொண்டுபோனது பாதி, மீதியைக் கொண்டுபோக இருந்தது நம் வெட்கம். கர்த்தரை நம்புங்கள். நம்பி, உங்கள் கஷ்டத்தைப் பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். குரூப்பில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாடிப்படி ஏறியதும் வலது பக்கம். கதவு இறுகித்தான் இருக்கும், பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதீர்கள். தோளைக் கொடுத்துத் தள்ளுங்கள், திறக்கும்.